ஏற்றத்தில் அணைகிற விளக்கு: என் சைக்கிள் லைட்டுகள், ஒரு வருட அனுபவம்

காலையில் 4.15-க்கு நான் வீட்டைவிட்டு இறங்கிவிடுவேன். திருவட்டாருக்கும் குலசேகரத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. நான் பால் வெட்டுகிற ரப்பர் தோட்டம் அங்கிருந்து 5.5 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் மரம் தாராளமாகப் பால் விடும். அதனால் இந்த நேரத்தை மாற்ற முடியாது. போகும்போது கும்மிருட்டு, திரும்பும்போது நல்ல வெளிச்சம். எனக்கு லைட் வேண்டியது ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான். ஆனால் அந்த அரை மணி நேரம் வருடம் முழுக்க வேண்டும். மரத்துக்கு பிளாஸ்டிக் ரெயின் கார்டு கட்டிவிட்டால் மழைக்காலத்திலும் வெட்டு நிற்காது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று.

வழியைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் ஏன் இதை நல்லது என்கிறேன், அதை ஏன் மோசம் என்கிறேன் என்று புரியும். முதல் 2 கிலோமீட்டர் வாழைத்தோட்டத்துக்கும் கால்வாய்க்கும் இடையில் போகிற ஊராட்சி ரோடு. தெருவிளக்கு இரண்டோ மூன்றோ. அப்புறம் மெயின் ரோடு. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் அந்த நேரத்துக்கே ஓடத் தொடங்கியிருக்கும். கடைசியில் 600 மீட்டர் ஏற்றம். மிதித்து ஏற முடியாது, இறங்கி உருட்டத்தான் வேண்டும், எட்டு நிமிடம் ஆகும். அந்தப் பக்கம் இறங்கினால் தோட்டம்.

முதலில் டைனமோவைச் சொல்கிறேன். இது அப்பாவுடையது. விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் நிறுத்திக் காற்றைப் பிடுங்கி விடுகிற காலத்தில், 1983-ல், மார்த்தாண்டத்தில் வாங்கினார். அவருடைய 28 இஞ்ச் சைக்கிள் போய்விட்டது. டைனமோ மட்டும் இப்போது என் லேடீஸ் சைக்கிளில் இருக்கிறது.

பார்க்க ஒரு சின்னக் குப்பி மாதிரி இருக்கும். தலையில் வரிவரியாக வெட்டிய சிறு சக்கரம். லீவரை அமுக்கினால் குப்பி சாய்ந்து, அந்தச் சிறு சக்கரம் டயரின் பக்கவாட்டில் உரசும். டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் அது ஏறக்குறைய 30 சுற்றுச் சுற்றும். உள்ளே காந்தம் சுழல, சுற்றியுள்ள கம்பிச்சுருளில் கரண்ட் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே சங்கதிதான். பிளஸ் டூ இயற்பியலில் இதைப் படித்தபோது பரீட்சைக்கு எழுதினேனே தவிர, அப்பாவின் சைக்கிளில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

6 வோல்ட், 3 வாட் என்று அதன் மேல் அடித்திருக்கிறது. டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். கரண்ட் திரும்பி வருகிற வழி சைக்கிளின் இரும்புச் சட்டமே. அதற்காக கிளாம்பில் கூர்முனை உள்ள ஒரு ஸ்குரூ இருக்கும், அது பெயிண்டைக் குத்திக்கொண்டு இரும்பைத் தொட வேண்டும். டைனமோ செத்துப்போச்சு என்று கழற்றிப் பரணில் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை இந்த ஸ்குரூவைப் பாருங்கள். குளச்சலில் என் தங்கை வீட்டில் அப்படி ஒன்று கிடந்தது. கடல்காற்றில் ஸ்குரூ முனையும் ஒயர் சேருமிடமும் பச்சையும் சிவப்புமாகத் துருவேறி இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினோம். எரிந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

வேகமாக ஓட்டினால் பல்பு ஃபியூஸ் ஆகாதா என்று பலர் கேட்பார்கள். சுழலும் வேகம் கூடக்கூட கரண்ட் திசை மாறுகிற வேகமும் கூடும். அப்போது அந்தச் சுருளே கரண்டுக்கு அதிகத் தடையாக மாறிவிடும். ஆகவே கரண்ட் அரை ஆம்பியர் சுற்றிலேயே நின்றுகொள்ளும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பின்விளக்கும் இதே டைனமோவில் இருந்து, அதன் பல்பு போய்விட்டால், இரண்டுக்கும் பங்கு போக வேண்டியது முழுக்க முன்பல்புக்கே வரும். அடுத்த இறக்கத்தில் அதுவும் போய்விடும். அப்பா அதனாலேயே ஒரு பல்பைப் பஞ்சில் சுற்றி எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

என் மகன் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவன். மஞ்சள் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டுத் தந்தான். டைனமோவில் வருவது திசை மாறி மாறி ஓடுகிற ஏசி கரண்ட், எல்இடிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுகிற டிசி. அதனால் நடுவில், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற டையோடு நான்கு வைத்தான். அதே 3 வாட்தான், ஆனால் வித்தியாசம் சொல்லி மாளாது. இழை பல்பு வாங்குகிற சக்தியில் பெரும்பகுதி சூடாகப் போய்விடும், வெளிச்சமாக வருவது கொஞ்சம்தான். முன்பு ரோட்டில் மஞ்சள் துணி விரித்த மாதிரி ஒரு திட்டு தெரியும். இப்போது கால்வாய்ச் சுவர் ஓரத்தில் சாரை கிடந்தாலும் தெரிகிறது.

குறைகளும் உண்டு. கால் கனக்கும். 3 வாட் எடுக்கக் காலிலிருந்து அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். சமதளத்தில் பழகிவிடும், எதிர்காற்றில் தெரியும். மழையில் டயர் நனைந்தால் சிறு சக்கரம் வழுக்கும், வெளிச்சம் வந்து வந்து போகும். குப்பியின் நடு அச்சு, சக்கரத்தின் நடுவை நேராகப் பார்க்கிற மாதிரி வைத்து இறுக்கினால் வழுக்கல் பாதி குறைகிறது. டயர் தேய்வதும் குறைகிறது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் பக்கத்து சைக்கிள் கடைக்கார அண்ணன். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் மெல்லிய வரிகள் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், டைனமோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

பெரிய குறை ஏற்றம். இறங்கி உருட்டத் தொடங்கினால் சக்கரம் மெல்லச் சுற்றும், விளக்கு மினுக்மினுக்கென்று துடித்துவிட்டு அணைந்துபோகும். இருபுறமும் ரப்பர் மரம், மேலே வானமே தெரியாது, பன்றி குறுக்கே ஓடுகிற இடம். அங்கேதான் எனக்கு வெளிச்சம் இல்லாமல் போகிறது.

அந்த எட்டு நிமிடத்துக்காகத்தான் போன வருடம் சார்ஜ் லைட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 749 ரூபாய். பெட்டியில் வெளிச்சம் 1000 லூமன், பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தது. மகன் கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒரே ஒரு 18650 செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்தப் பெயர். அந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிகள் தருவதே 3500 சுற்றில்தான். அவன் மீட்டர் வைத்து அளந்ததில் எங்களுக்கு வந்ததில் 1900 இருந்தது. இதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 7 வாட் மணி. 5 வாட் எடுக்கிற லைட் அதில் ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: முழு வெளிச்சத்தில் 1 மணி 10 நிமிடம், நடு வெளிச்சத்தில் 3 மணி. நீங்கள் வாங்கும்போது பெட்டியில் 9800, 12000 என்றெல்லாம் ஒற்றைச் செல்லுக்குப் போட்டிருந்தால் அந்த லைட்டின் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

இருந்தாலும் ஏற்றத்தில் அந்த லைட் எனக்குக் கொடுத்த தைரியத்தை மறுக்க மாட்டேன். நின்றாலும் எரிகிறது, உருட்டினாலும் எரிகிறது. பட்டனை ஒருமுறை அமுக்கினால் போதும். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு டயர் பஞ்சர் பார்க்கலாம்.

ஆனால் மெயின் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு போன முதல் வாரத்திலேயே எதிரே வந்த ஆட்டோக்காரர் நிறுத்திக் கத்தினார். "எக்கா, லைட்ட தாத்தி வையுங்க, கண்ணு தெரியல்ல!" அவர் சொன்னது நியாயம். அந்த லைட் டார்ச் மாதிரி வட்டமாக எல்லாப் பக்கமும் அடிக்கிறது. பாதி வெளிச்சம் மரத்தின் கொம்புக்குப் போகிறது, கால்வாசி எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகிறது, மிச்சம்தான் ரோட்டுக்கு.

இங்கேதான் லூமனுக்கும் லக்ஸுக்கும் உள்ள வித்தியாசம். லூமன் என்பது குழாயிலிருந்து மொத்தம் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது. லக்ஸ் என்பது வாழை மூட்டில் எவ்வளவு விழுந்தது என்பது. சுற்றிலும் தெறித்த தண்ணீரால் வாழைக்கு என்ன பயன்? ஜெர்மனியில் சைக்கிள் முன்விளக்கின் வெளிச்சம் மேல்விளிம்பில் வெட்டிவிட்டாற்போல் நிற்க வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணில் படக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. கார் ஹெட்லைட் சுவரில் படும்போது மேலே ஒரு கோடு தெரியுமே, அது மாதிரி. இங்கே அப்படிப்பட்ட லைட் கடையில் எனக்குக் கிடைக்கவில்லை. லைட்டை மூக்கு குத்தினாற்போல் தாழ்த்தி, எனக்கு முன்னால் ஏழெட்டு மீட்டரில் வெளிச்சம் விழும்படி வைத்திருக்கிறேன். 1000 லூமனும் வேண்டாம், நடு வெளிச்சமே எங்கள் ரோட்டுக்குத் தாராளம்.

பால்வெட்டுக்காரர்கள் எல்லோரிடமும் தலையில் கட்டுகிற டார்ச் இருக்கும். அதையே கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் போதாதா என்று கேட்பார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் போனேன். பட்டையில் கத்தி வைக்க அது போல வேறில்லை. ரோட்டுக்கு ஆகாது. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால் பள்ளத்தின் நிழல் பள்ளத்துக்குப் பின்னாலேயே மறைந்துவிடும், ரோடு எல்லாம் ஒரே சமமாகத் தெரியும். விளக்கு தாழ்வாக, ஃபோர்க் பக்கம் இருந்தால் சின்னக் குழிக்குக்கூட நீளமாக நிழல் விழும். மார்கழிப் பனியில் தலை டார்ச் இன்னும் மோசம். முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டினாற்போல் ஆகிவிடும்.

சார்ஜ் லைட்டின் கதையை முடித்துவிடுகிறேன். பேட்டரி காட்டும் சின்ன விளக்கு பச்சையாகவே இருந்தது. ஆறாவது நாள் காலை மெயின் ரோட்டில், பின்னால் லாரி வரும் நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. லித்தியம் செல் கடைசி வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டில் நின்று, பிறகு மளமளவென்று விழும். செல் கெடாமல் இருக்க உள்ளே இருக்கும் சர்க்யூட் வெட்டிவிடும். சாதாரண பென்சில் செல் அப்படி இல்லை, நாலு நாளாக மங்கி மங்கி நமக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும். அன்றிலிருந்து ஞாயிறு, புதன் இரண்டு இரவும் சார்ஜ் போட்டுவிடுவேன், பச்சையோ சிவப்போ பார்ப்பதில்லை.

சார்ஜ் துவாரத்தை மூடும் ரப்பர் மூடி நாலாவது மாதம் தளர்ந்தது. ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் போய், முனைகள் கறுத்தன. பெட்டியில் ஐபிஎக்ஸ் 4 என்று இருந்தது. அது தெறிக்கிற தண்ணீருக்கு மட்டும்தான். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும். நம் ஊர் மழைக்கு 4 போதுமானதே, ஆனால் மூடி இறுக்கமாக இருக்கிற வரைதான். இன்னொன்று: இரண்டு முனையும் டைப்-சி ஆன புது கேபிளில் இது சார்ஜ் ஏறவே இல்லை. லைட் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்ப இருந்தேன். மகன்தான் பழைய சார்ஜரும் ஒரு முனை பெரிதாக உள்ள கேபிளும் போட்டுப் பார்த்தான். ஏறியது. விலை குறைந்த பல லைட்டுகளில் இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்துவிடுகிறார்களாம். அவை இல்லாவிட்டால், எதிரே ஒரு கருவி இருப்பதே புது சார்ஜருக்குத் தெரியாது.

கரண்டை நம்பி இருக்கிற விளக்கு என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒக்கி புயல்தான் ஞாபகம் வரும். 2017 நவம்பர் 30. ரப்பரும் வாழையும் விழுந்து, மின்கம்பங்கள் சாய்ந்து, எங்கள் பக்கம் பத்து நாள் கரண்ட் இல்லை. போன் செத்தது, எமர்ஜென்சி லைட் செத்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். குளச்சலில் தங்கை எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் நான்காம் நாள் சாயங்காலம் சைக்கிளில் புறப்பட்டார். இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி வருகிறார், ஊரே கறுப்பாகக் கிடக்க, தூரத்தில் அந்த ஒற்றை மஞ்சள் வெளிச்சம் மேலும் கீழும் ஆடி ஆடி வந்தது. டைனமோவைக் கழற்றி எறிய எனக்கு மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

பின்விளக்குக்கு வருகிறேன். இதை ஏனோ எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். "லைட்டு நாம பாக்க மட்டும் இல்ல மக்ளே, நம்மளைப் பாக்கவும்" என்று அப்பா சொல்வார். முதலில் 60 ரூபாய்க்கு சிவப்பாக மின்னுகிற ஒரு குட்டி லைட் போட்டிருந்தேன். உள்ளே 2032 நாணயச் செல், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். அதில் இருப்பது 220 மில்லி ஆம்பியர் மணி அளவுதான். மூன்று வாரத்தில் மங்கிவிடும், நாம் முன்னால் உட்கார்ந்திருப்பதால் மங்கியது தெரியவும் தெரியாது. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்தச் செல்லைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

இப்போது இரண்டு சின்ன பென்சில் செல் போடுகிற பின்விளக்கு வைத்திருக்கிறேன். 220 ரூபாய். எட்டு மாதமாக ஒரு குறையும் சொல்ல முடியாது. செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், ஒரு ஜோடி எனக்கு இரண்டு மாதம் வருகிறது. மின்ன விடாமல், நிலையாக எரிய விடுகிறேன். மின்னினால் சீக்கிரம் கண்ணில் படும் என்பது சரிதான். ஆனால் நான் எவ்வளவு தூரத்தில் போகிறேன் என்று லாரி டிரைவர் கணக்குப் போட நிலையான வெளிச்சம்தான் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கீழே மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர். அதற்கு செல்லும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தால் போதும்.

கடைகளில் கிடைக்காத ஒன்றையும் பார்த்துவிட்டேன். போன ஜனவரியில் கன்னியாகுமரிக்குப் போயிருந்தோம். காஷ்மீரிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் வந்து சேருகிற இடம் அது. காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்சக்கரத்தின் நடுவே, ஆக்சில் இருக்குமிடத்தில், பால்டின் போல ஒரு தடித்த குடம். மகன் கேட்டான், அவர்கள் முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் மெல்லச் சுற்றிக் காட்டினார்கள். உடனே எரிந்தது! டயரில் உரசுவது ஒன்றுமில்லை, சத்தமில்லை, மழையில் வழுக்குவதற்கும் ஒன்றுமில்லை. குடத்துக்குள் காந்த முனைகள் நிறைய இருப்பதால் சக்கரம் மெல்லச் சுற்றினாலே போதும். இதை ஹப் டைனமோ என்கிறார்கள். 1930-களிலேயே இங்கிலாந்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி இதைச் செய்து விற்றிருக்கிறது. சக்கரத்தை நிறுத்திய பிறகும் விளக்கு அணையவில்லை. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் கொஞ்சம் கரண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சிக்னலில் நிற்கும்போது கொடுக்குமாம். நாகர்கோவிலில் இரண்டு பெரிய சைக்கிள் கடையில் விசாரித்தேன், இருவரும் இல்லை என்றார்கள். வெளியிலிருந்து வரவழைத்தால் என் சைக்கிளின் விலையைவிட அதன் விலை அதிகம். சக்கரத்தையும் புதிதாகக் கம்பி கோத்துக் கட்ட வேண்டும்.

சரி, யார் எதை வாங்கலாம்? தினமும் ஒரே நேரத்தில் இருட்டில் போகிறவர், வழி சமதளம் என்றால், டைனமோவும் எல்இடியும் போதும். அவர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஏறி மிதித்தால் எரியும். வாரத்துக்கு ஒருநாள் இரவு டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு சார்ஜ் லைட் நல்லது. செல்லைக் கழற்றி மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள், ஏனென்றால் இரண்டு வருடத்தில் முதலில் சாவது செல்தான். 300, 400 லூமனுக்கு மேல் காசு கொடுக்காதீர்கள். கையில் காசு குறைவு என்றால் பின்விளக்கை முதலில் வாங்குங்கள், முன்விளக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

என் சைக்கிளில் இப்போது மூன்றும் இருக்கின்றன. சமதளத்தில் டைனமோ, ஏற்றத்தில் சார்ஜ் லைட், பின்னால் பென்சில் செல் விளக்கு. ஆனால் கன்னியாகுமரியில் பார்த்ததிலிருந்து மகனுக்கு அந்தக் கெப்பாசிட்டர் மனதில் தங்கிவிட்டது. போன மாதம் 1 ஃபாரட், 5.5 வோல்ட்டில் ஒன்று வாங்கி, டையோடுகளுக்குப் பின்னால் வைத்து, ஒரு சின்ன எல்இடிக்கு ஒயர் இழுத்தான். முதல் நாள் ஏற்றத்தின் அடியில் இறங்கினேன். பெரிய விளக்கு வழக்கம்போல் துடித்து அணைந்தது, சின்னது அணையவில்லை. பெரிய வெளிச்சமில்லை, முன்சக்கரமும் அதற்கு முன்னால் இரண்டு எட்டு ரோடும் தெரிகிற அளவு. நான் காலால் மிதித்துச் சேர்த்த வெளிச்சம் என்னோடு ஏற்றத்தில் நடந்து வருகிறது என்று நினைக்க நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று நிமிடம் எரிந்தது. வளைவில் நிற்கும் பலா மரம் வரை. அதற்கு மேல் இன்னும் ஐந்து நிமிட ஏற்றம் இருக்கிறது. இரண்டாவது கெப்பாசிட்டருக்கு நாகர்கோவில் கடையில் சொல்லி வைத்திருக்கிறான்.